ஒரு வீட்டில் இரண்டு ஜாகா

பிச்சைமுத்துவின் வலது கை எழுதிக்கொண்டிருந்தது. மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல், பகல் வேளை. காவல் சாவடிக்குள் பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் வருகையாளர் புத்தகம். இடது கை தடுப்புக் கட்டையின் பொத்தான் மேல் இருந்தது. வந்து நின்ற காரின் எண்ணை வலது கை எழுதியது. முதல் எழுத்து நேராக விழுந்தது. அடுத்த இரண்டும் பரவாயில்லை. முதல் எண் சாய்ந்தது. இரண்டாவது எண் கோட்டை விட்டு இறங்கியது. மூன்றாவது எண்ணாகவே இல்லை. பேனா கீழே வழுக்கிப் பக்கத்தின் ஓரம்வரை போய், மேசையிலும் கொஞ்சம் எழுதியது. கை எழுதிக்கொண்டே இருந்தது, ஆள் தூங்கிவிட்டார்.

கார்க்காரர் ஹாரன் அடித்தார். எழுந்து வந்தது பிச்சைமுத்து அல்ல, அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த மேற்பார்வையாளர் சேகரன். அவர் கட்டையைத் தூக்கிக் காரை அனுப்பிவிட்டு, கைபேசியில் மூன்று படம் எடுத்தார். ஒன்று ஆள், ஒன்று புத்தகம், ஒன்று மேசை.

"அண்ணே! பிச்சைமுத்து அண்ணே!"

"முழிச்சுத்தான் இருக்கேன்லா."

"அப்ப இது என்னா நம்பர்?"

பிச்சைமுத்து புத்தகத்தை உற்றுப் பார்த்தார். "புது மாதிரி பிளேட் போல."

இது மூன்றாவது தடவை. மறுவாரம் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் 'இவரால் வேலை நேரத்தில் விழித்திருக்க முடியும்' என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். அதுவரை வேலைக்கு வர வேண்டாம். கடிதம் வராவிட்டால் பிறகும் வர வேண்டாம். படங்கள் மூன்றையும் பின் அடித்து இணைத்திருந்தார்கள்.

நம் ஊரில் காவல்காரரை ஜாகா என்கிறோம். மலாய்ச் சொல். மலாய்க்காரர்களுக்கு அது காவலும் ஆகும், விழித்திருப்பதும் ஆகும், ஒருவரைப் பார்த்துக்கொள்வதும் ஆகும். மூன்று வேலைக்கு ஒரே சொல். பிச்சைமுத்து அதில் முதல் வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவதுதான் அவருக்கு வரவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. ஆகவே அவருடைய அப்பாவின் குறட்டை எட்டு வீட்டுக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. அப்பா நாற்பத்தொன்பது வயதில் தூக்கத்திலேயே போனார். "நல்ல சாவு" என்றார்கள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. மகனுக்குக் கழுத்தும் குறட்டையும் அப்பாவைப் போலவே அமைந்தன. பதினாறு வருடம் பலகைத் தொழிற்சாலையில் வேலை. அது மூடியதும் ஆறு வருடமாக ஜாகா. ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. வேலையில் இருந்துகொண்டேதான் தூங்கினார்.

மெர்லிமாவ் தாமான் குடியிருப்பில் அவர்களுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு கல் சுவர். நான் நர்ஸ் அல்ல. முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, பதினெட்டு வருடம் ஓர் இல்லத்தில் வேலை பார்த்தவள். தாமானில் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'தான். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவருடைய குறட்டை எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. குறட்டை நிற்பதுதான் தொந்தரவு. சத்தம் ஏறும், ஏறும், சட்டென்று ஒன்றும் இருக்காது. நான் எண்ணுவேன். இருபது, முப்பது. பிறகு மூழ்கியவன் தலை தூக்கியதுபோல ஓர் உறுமல், மறுபடி குறட்டை. இல்லத்தில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

பிச்சைமுத்துவின் மனைவி வாணியிடம் மூன்று வருடமாகச் சொல்லியிருப்பேன்.

"வாணி, அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. காட்டணும்."

"அவரா? படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவாருக்கா. அந்தக் குடுப்பினை யாருக்கு வரும்?"

தூங்கி வழிவதற்கு அவர் செய்த வைத்தியங்கள் வேறு. காலையில் பாலில்லாத கோப்பி ஓ மூன்று. சாமியாரிடம் மந்திரித்த கறுப்புக் கயிறு, ராத்திரி நெஞ்சில் ஏதோ ஏறி அமுக்குகிறது என்று. இமையில் கோடாலித் தைலம். அதில் கண்ணீர் வழிய அவர் கட்டையைத் தூக்க, மூன்றாம் மாடிச் சீனக் கிழவி, பாவம் இந்த ஜாகா, வீட்டில் ஏதோ துக்கம் என்று ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

கடிதம் வந்த பிறகுதான் என் பேச்சு எடுபட்டது. மலாக்காவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கக் கிளினிக் இருக்கிறது. வரிசை மாதக்கணக்கில் போகும். யாரோ ஒருவர் பயந்து வராமல் விட்ட இடம் இரண்டாவது வாரமே கிடைத்தது. போகுமுன் வாணியிடம் அவருடைய குறட்டையைக் கைபேசியில் பத்து நிமிடம் பதிவுசெய்யச் சொன்னேன். டாக்டரிடம் வாயால் விவரிப்பதைவிட அது மேல்.

நானும் கூடப் போனேன். அங்கே ராகினி என்ற தமிழ்ப் பெண் தூக்கப் பரிசோதனை செய்பவள். சுறுசுறுப்பானவள். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அங்கிள், எட்டுக் கேள்விதான். எந்தெந்த நேரத்துல தூக்கம் வரும்னு சொல்லுங்க. வராதுன்னா சைபர், கண்டிப்பா வரும்னா மூணு. படிக்கும்போது தூங்குவீங்களா?"

தூக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் பிச்சைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அது கேள்வித்தாள் அல்ல, விசாரணை.

"நான் படிக்கிறதே இல்லம்மா."

"டிவி பார்க்கும்போது?"

"டிவி எங்கூட்டுக்காரி பார்க்கிறா."

"கார்ல ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து போகும்போது?"

"என்கிட்ட மோட்டார்தான் இருக்கு."

"மோட்டார் ஓட்டும்போது?"

"ஓட்டும்போது எவனாச்சும் தூங்குவானா?"

வாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். எட்டுக் கேள்விக்கும் எட்டு சைபர். ராகினி தலையைக் குனிந்து கூட்டினாள். எட்டு சைபரைக் கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவள் நிமிர்வதற்குள் பிச்சைமுத்துவின் மோவாய் நெஞ்சில் இறங்கி, குறட்டை தொடங்கிவிட்டது.

ராகினி சைபரை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதினாள்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். பிச்சைமுத்துவின் கழுத்தை நாடாவால் அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டைக்குள் விளக்கடித்தார், வாணியின் பதிவைக் கேட்டார். சேகரனின் படத்தில் புத்தகத்து எழுத்து வழுக்கி இறங்கிய இடத்தை விரலால் தொடர்ந்து போனார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஜாகா' என்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதுதான் முதல் பொய்" என்று மலாயில் சொன்னார். பிச்சைமுத்துவும் சிரித்தார். சிரிக்காவிட்டால் கடிதம் கிடைக்காது என்று நினைத்திருப்பார்.

ஓர் இரவு கிளினிக்கிலேயே படுக்க வைத்தார்கள். தலையில், மோவாயில், காலில் வயர் ஒட்டினார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டை, மூக்குக்குக் குழாய், விரலுக்குக் கவ்வி. அங்கிருந்து வாணிக்குப் போன் செய்திருக்கிறார். "காவடி எடுத்தப்பகூட என்னை இவ்வளவு கட்டினதில்லடி. இதோட மனுஷன் எப்படித் தூங்குவான்?" போனை வைத்த நான்காவது நிமிடம் தூங்கிவிட்டார் என்று ராகினியின் தாள் சொல்லியது.

முடிவைச் சொல்ல டாக்டர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் அறுபத்திரண்டு தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது. அதில் மிக நீண்டது ஐம்பத்து நான்கு விநாடி. படுத்தால் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது. மூளை பயந்து எழுப்பிவிடுகிறது. அது அவருக்கு நினைவிருப்பதில்லை. நெஞ்சில் ஏறி அமுக்கியது அவருடைய தொண்டைதான். கயிறு கட்ட வேண்டுமென்றால் அங்கே கட்டியிருக்க வேண்டும்.

"நீங்க இருபது வருஷமா சரியாவே தூங்கல அங்கிள்," என்று ராகினி தமிழில் சொன்னாள்.

பிச்சைமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆறு வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"தூங்கலையா? நான் தூங்கவே இல்லையா? இதைத்தாம்மா நான் சேகரன்கிட்ட சொன்னேன்! அப்படியே எழுதிக் குடுங்க. 'பிச்சைமுத்து தூங்கவில்லை.' கீழ ஆஸ்பத்திரி சாப்பு, ஒரு முத்திரை போதும்."

டாக்டர் சாப்பு அடிக்கவில்லை. ஒரு மிஷினைக் கொடுத்தார். ரொட்டி வாட்டும் பெட்டி அளவு இருக்கும். குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும். மூக்கில் மாட்டிய கவசம் வழியாகக் காற்று போய்த் தொண்டையைத் திறந்து வைக்கும். ஆக்ஸிஜன் எல்லாம் இல்லை, வீட்டுக் காற்றுதான். காலையில் கவசத்தைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்று உள்ளே ஒரு நினைவு அட்டை எழுதிக்கொள்ளும். ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம். பத்து இரவில் ஏழு இரவாவது. அந்தக் கணக்கு வந்தால் கடிதம். வரும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது.

"அட்டை பொய் சொல்லாது," என்றார் டாக்டர். சைபரை மறக்கவில்லை போலும்.

மிஷின் பையோடு நாங்கள் டாக்சியில் இறங்கும்போது எதிர்வீட்டுக் கந்தசாமி வாசலில் நின்றார். ஓய்வு பெற்றவர். தாமானுக்கு அவர்தான் செய்தி நிலையம்.

"என்னா வாணி, குழாயெல்லாம் தெரியுது?"

"அவருக்கு மிஷின் வெச்சிருக்காங்கண்ணே," என்றாள் வாணி. களைப்பில் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம் ஆட்கள் 'மிஷின் வெச்சிருக்காங்க' என்று சொன்னால் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், அப்புறம் விளக்கம் கிடையாது. எந்த மருத்துவமனை, எந்த வார்டு, ஜோகூரில் இருக்கும் அவர்கள் மகள் கிளம்பிவிட்டாளா, இவ்வளவுதான் கேள்வி. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மைலோ டின், கிரீம் பிஸ்கட், ஆறு ஆறாகக் கட்டிய குளிர்பானம். ஜாசினிலிருந்து ஒரு தங்கை முறைக்காரி வாசல் கேட்டிலேயே "ஐயோ அண்ணே" என்று ஆரம்பித்துவிட்டாள். கேட்டைத் திறந்தது அந்த அண்ணன்தான், கையில் பாதி தின்ற வாழைப்பழப் பலகாரத்தோடு.

ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் நிறுத்துவது, பாரமேற்றிய லாரியை மேட்டில் நிறுத்துவதுபோல. அவள் இன்னும் இரண்டு வரி போய்த்தான் நின்றாள்.

"உள்ள வா, தேத்தண்ணி குடி," என்றார் பிச்சைமுத்து.

"மிஷின்ல வெச்சிருக்காங்கன்னாங்க?"

"ராத்திரிக்கு மட்டுந்தான்."

அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. மைலோ டின்னை வைத்துவிட்டுத்தான் போனாள், கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போகும் பழக்கம் இல்லாததால். அந்த வாரம் பதினோரு டின் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து அட்டையைப் படிக்கப் போனோம். ராகினி கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"அங்கிள், ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டுறீங்க. ஒண்ணரைக்குக் கழட்டிடுறீங்க. தினமும். ரெண்டரை மணி நேரம்தான் வருது."

"நான் கழட்டலம்மா."

"அட்டை சொல்லுதே."

"முருகன் மேல சத்தியமா நான் தொடல. காலையில எழுந்தா அது தரையில கிடக்குது. நான் தூக்கத்துல என்ன பண்றேனோ, எனக்கெப்படித் தெரியும்?"

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பிச்சைமுத்து எட்டு சைபர் போட்டவர். சத்தியத்துக்கு மதிப்பு இல்லை. இன்னும் நான்கு வாரம் பார்க்கலாம், கணக்கு வராவிட்டால் எழுத முடியாது என்றார். கம்பெனி கொடுத்த கெடுவிலும் நான்கு வாரம்தான் பாக்கி.

நான் பிச்சைமுத்துவைப் பார்க்கவில்லை. வாணியைப் பார்த்தேன். நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காத்திருந்தபோதும் தூங்கினாள். முந்தின நாள் அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி எரிந்த வாசனை என் வீடு வரை வந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. நோயாளி இப்போது யார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பஸ்ஸில் பிச்சைமுத்துவை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவளோடு பின்னால் உட்கார்ந்தேன்.

"நீதானே கழட்டுற?"

ஜாசின் வரும் வரை கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். பிறகு சொன்னாள்.

"சத்தமே இல்லக்கா."

"அதுக்குத்தானே மிஷின்?"

"முப்பத்தோரு வருஷம் அந்தச் சத்தத்துலதான் தூங்குனேன். சத்தம் நின்னா முழிச்சிப்பேன். முழங்கையால ஒரு இடி குடுப்பேன், மறுபடி மூச்சு வரும். எனக்கும் தூக்கம் வரும். இப்ப படுத்ததுலேருந்து சத்தமே இல்ல. இருக்காரா இல்லையான்னு எப்படித் தெரியும்? மூக்குல கை வெச்சுப் பார்க்கலாம்னா மூக்கு மேல அந்தக் கருமம் இருக்கு. ஒரு மணி, ஒண்ணரை வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன். முடியல. கழட்டிடுறேன். கொறட்டை வந்ததும்தான் படுக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? புருஷன் கொறட்டை விடலன்னா எனக்குத் தூக்கம் வராதுன்னு அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லவா? அவரு அப்பா எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். நல்ல சாவு. சத்தமில்லாத சாவு.

ஆக, அந்த வீட்டில் முப்பத்தோரு வருடமாக ஒரு மிஷின் இருந்திருக்கிறது. அதற்கு முழங்கை இருந்தது. பகலில் சம்பளத்துக்கு ஒரு ஜாகா, இரவில் சம்பளமில்லாமல் ஒரு ஜாகா. கம்பெனி தப்பான ஆளுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது.

அழுவதற்கு நேரமில்லை. நான்கு வாரம்தான் இருந்தது. வாணியிடம் அவருடைய குறட்டைப் பதிவு இருக்கிறதே, அதைத் தலையணை ஓரம் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் படு என்றேன். மிக நல்ல யோசனை என்று நினைத்தேன். மறுநாள் காலை பிச்சைமுத்து விலாவைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"மிஸ்ஸி, உங்க வைத்தியத்துல எனக்கு எலும்பு போச்சு."

பதிவில் குறட்டை மட்டுமா இருந்தது, இடைவெளியும் இருந்தது. போனில் மூச்சு நின்றபோதெல்லாம் பக்கத்தில் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதனுக்கு இடி விழுந்திருக்கிறது. "என்னாடி?" என்று கேட்டாராம். "மூச்சு நின்னுச்சு" என்றாளாம். "என்னுதா, போனோடதா?" என்றாராம். அட்டையில் அன்றைக்கு மூன்று மணி நேரம். முன்னேற்றம்தான்.

தப்பு என்னுடையது. இடைவெளி இல்லாத சத்தம் வேண்டும். என் ஸ்டோர் அறையில் பழைய நிற்கும் மின்காற்றாடி ஒன்று இருந்தது; முன் வலை கழன்று, சுற்றினால் கடகடவென்று தகரத்தில் மழை பெய்வதுபோல் சத்தம் போடும். போட முடியாமலும் தூக்கி எறிய மனமில்லாமலும் வைத்திருந்தேன். அதை வாணி பக்கம் வைத்தேன். மிஷின் திரையில் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் ஒரு கோடு இருந்தது. ராகினியிடம் போனில் கேட்டு, அதை அணையாமல் வைக்கச் செய்து, வாணி படுக்கும் பக்கம் திருப்பினேன்.

"மூக்குல கை வைக்காதே. கோட்டைப் பாரு. கோடு ஏறி இறங்குனா ஆள் இருக்காருன்னு அர்த்தம்."

"கோடு நின்னா?"

"அப்ப இடி."

முதல் இரவு கோட்டைப் பார்த்தே விடிந்தது அவளுக்கு. இரண்டாம் இரவு மூன்று மணிவரை. ஐந்தாம் இரவு, பன்னிரண்டு வரை எண்ணியதாகத்தான் நினைவு என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் குறட்டை போய்க் காற்றாடி வந்தது. பண்டமாற்று.

நான்கு வாரம் முடிந்து அட்டையைப் போட்டபோது ராகினி சிரித்தாள். சராசரி ஆறு மணி நாற்பது நிமிடம். அதே எட்டுக் கேள்வியை மறுபடி கேட்டாள். பிச்சைமுத்து இந்தத் தடவை யோசித்து, "டிவி பார்க்கும்போது கொஞ்சம் வரும்மா, ஒண்ணு போட்டுக்குங்க" என்றார். விழித்திருப்பவனுக்குத்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லத் தைரியம் வருகிறது.

டாக்டர் கடிதம் எழுதினார். மிஷினைத் தொடர்ந்து மாட்டினால் இவர் வேலை பார்க்கலாம், மோட்டார் ஓட்டலாம். நான் குறுக்கிட்டு இன்னொரு வரி கேட்டு வாங்கினேன்: இரவு வேலை கூடாது. எனக்கு மேற்பார்வையாளர்களைத் தெரியும். இங்கே வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்தால் அங்கே மாற்ற ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கே பிச்சைமுத்து போன் செய்தபோது சேகரன் சொன்ன முதல் வார்த்தை, "ரொம்பச் சந்தோசம்ணே, இப்பதான் நல்லா முழிச்சிருப்பீங்களே, நைட்டுக்கு வந்துடுங்க."

"ரெண்டாவது வரியைப் படிச்சுக் காட்டவா தம்பி?" என்றார் பிச்சைமுத்து.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. வாணியின் சத்தம் கேட்கவில்லை. எட்டு மணிக்கும் காற்றாடி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டரைக்குத்தான் தலைமுடியை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு. சோப்பு நீரில் கவசத்தையும் குழாயையும் கழுவி, கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே கொடியில் அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டினாள். நான் என் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

எதிரே கந்தசாமி பத்திரிகையோடு வந்தவர், கொடியில் தொங்குவதைப் பார்த்து நின்றார். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மிஷின எடுத்துட்டாங்களா வாணி?"

"எடுத்தாச்சுண்ணே."

"அவரு?"

"போயிட்டாரு."

கந்தசாமி தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். "எத்தனை மணிக்கும்மா?"

"ஆறேகாலுக்கு."

"யாரும் பக்கத்துல இல்லையா?"

"நான் தூங்கிட்டேன்ணே," என்றாள் வாணி, கொட்டாவி விட்டுக்கொண்டே. "எழுப்பாமலே போயிட்டாரு. கடைசியா ரெண்டு மைலோ டின் பாக்கி இருக்கு, உங்களுக்கு வேணுமா?"